உணவுக்குழாய்க் கட்டிக்கு டியூப் டெஸ்ட்: வேலூர் மையம் ஒன்றுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண்

வேலூரில் ஒரு தனியார் ஸ்கேன் மையம். பெயர் வேண்டாம். சாப்பாடு நெஞ்சுக்குள் நிற்கிறது என்று வருபவர்களுக்கு பேரியம் எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி (கேமரா டியூப் விட்டுப் பார்ப்பது), சி.டி. ஸ்கேன் மூன்றையும் ஒரே பேக்கேஜாகச் செய்கிறார்கள்.

பேரியம் படத்தில் குறை சொல்ல முடியாது. பேரிய மாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, நிற்க வைத்தும் சாய்த்தும் எடுக்கிறார்கள். புற்று அல்லாத சாதாரணக் கட்டிகளில் அதிகம் வரும் லியோமயோமா (தசைக் கட்டி), பக்கவாட்டில் பார்த்தால்தான் வழவழப்பான பிறை வடிவத்தில் தெளிவாகத் தெரியும். விளிம்பு கரடுமுரடாக இருந்தால் கவனம் புற்றுநோய் பக்கம் போக வேண்டும்.

கோளாறு வரிசையில். காலையில் பேரியம், மதியம் மற்ற இரண்டும். உள்ளே ஒட்டிய மாவு எண்டோஸ்கோப்பில் பார்வையை மறைக்கும், சி.டி.யில் கோடு கோடாக விழும். பேரியத்தைக் கடைசியில் வைக்கலாம், அல்லது வேறொரு நாளுக்குத் தள்ளலாம்.

பெரிய குறை பயாப்ஸி, அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுப்பது. வழவழப்பான கட்டியில் மேல்சவ்வு முழுசாக, பளபளப்பாக இருக்கிறது. டியூப் நுனியால் தள்ளினால் சவ்வு மட்டும் உருண்டையின் மேல் வழுக்குகிறது. அதைக் கண்டும் கிள்ளி எடுக்கிறார்கள். ஃபோர்செப்ஸ் மேல்சவ்வைத்தான் கடிக்கும், கட்டியோ அடியில் தசையில். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும். கிள்ளிய இடம் ஆறும்போது சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொண்டால், பின்னால் அறுவையில் கட்டியை உரித்தெடுக்கையில் சவ்வு கிழியும். மரு மாதிரி வெள்ளையாக நிற்கும் பாப்பிலோமாவுக்கும், புண்ணான கட்டிக்கும் பயாப்ஸி கட்டாயம். வழவழப்பான உருண்டைக்கு வேண்டாம்.

அதற்கு வேண்டியது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், டியூப் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கும். இங்கே அது இல்லை. குழாய்ச் சுவரை ஐந்து அடுக்காகக் காட்டும்: நான்காவது அடுக்கில் கருமையாக இருந்தால் பெரும்பாலும் லியோமயோமா, மூன்றாவதில் வெளுப்பாக இருந்தால் லிப்போமா (கொழுப்புக் கட்டி), முழுக் கருப்பாக இருந்தால் நீர்க்கட்டி. சி.டி.யில் இந்த அடுக்கு தெரியாது. வெளியிலிருந்து ரத்தக்குழாயோ நெறிக்கட்டியோ அழுத்துகிறதா என்று பார்க்கத்தான் அது உதவும். கட்டி பெரிதானாலோ வளர்ந்தாலோ, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி ஊசியால் எடுத்து, எந்த வகைக் கட்டி என்று பிரிக்க சிடி-117, டெஸ்மின் சாயச் சோதனை செய்வார்கள். (இந்த சிடி வேறு, ஸ்கேன் வேறு, கவுண்டரிலேயே குழம்புகிறார்கள்.)

ரிப்போர்ட்டில் 'கீழ்ப்பகுதியில் கட்டி' என்று மட்டும் எழுதுவது போதாது. 'முன்பல்லிலிருந்து 32 செ.மீ., அளவு 15 மி.மீ., சவ்வு முழுசு' என்று இருந்தால்தான் அடுத்த வருடம் ஒப்பிட முடியும். டாக்டர் ரிப்போர்ட்டில் கையெழுத்து போடும் முன் கேட்டு வாங்குங்கள்.

போகிறவர்களுக்கு: 'வெறும் வயிறு' என்று மட்டும்தான் சொல்வார்கள். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். அடைப்பு அதிகமென்றால் முந்தின நாள் முழுக்கக் கஞ்சி, மோர். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டில் பால் டீ குடித்தால் டெஸ்ட் தள்ளிப்போகும். ரத்தம் இளக்கும் மாத்திரை, இன்சுலின் இரண்டையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. ஸ்ப்ரே மட்டும் என்றால் தொண்டை மரப்பு போகும்வரை தண்ணீரும் வேண்டாம்.