அப்பாவின் வலது கையும் வேலூர் சி.எம்.சி.யும்: 40 ஆண்டு அனுபவம்

எங்கள் ஊர் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, உடம்புக்கு வந்துவிட்டால் வேலூர். 1984இல் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையின் படியேறினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வேறு பெரிய ஆஸ்பத்திரி கிடையாது.

அப்பா வெல்லம் காய்ச்சுகிறவர். கையில் உணர்ச்சியற்ற வெளிர்த் திட்டு ஒன்று வந்தது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் அதைத் தேமல் என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் களிம்பு கொடுத்தார். அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிட்டன. ஒருநாள் கொதிக்கும் கொப்பரையின் விளிம்பில் கை பட்டிருக்கிறது. தோல் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அப்பா குனிந்து பார்த்தார்.

அப்பாவுக்கு வந்தது தொழுநோய். அது விரலைத் தின்றுவிடும் என்றே ஊர் நம்பியது. அப்படி இல்லை என்று வேலூரில் கண்டு சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். நரம்பு மரத்துப்போகிறது, வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் புண்ணாகி விரல் போகிறது. மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வேலையை 1948இல் அவர் அங்கே தொடங்கினார். அவர் வழியில் வந்தவர்கள்தான் அப்பாவின் கையில் நன்றாக இயங்கிய தசைநார் ஒன்றைத் திருப்பி விரல்களோடு இணைத்தார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி. அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீவிவிட்டாள். ஊரில் அவர் குடித்த டம்ளரைக்கூடத் தனியாகக் கவிழ்த்து வைத்த காலம் அது. தட்டில் புளியங்கொட்டைகளைப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். பாகு கிளறும் துடுப்பை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டு, பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளச் சொன்னாள். அடுத்த கரும்புப் பருவத்தில் அப்பா மறுபடி பாகு கிளறினார்.

இந்த நிறுவனத்தின் வளர்ச்சியை நான் அந்த மடியிலிருந்துதான் அளக்கிறேன். 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கியது, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியானது. 1942இல் கல்லூரியாக உயர்ந்து, 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. நாட்டின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சைகளில் ஒன்று 1961இல் அங்கே நடந்தது. 1971இல் சிறுநீரக மாற்று. அம்மாவின் இதய வால்வுக்காக நாங்கள் போனபோது அந்தப் பழைய அனுபவமெல்லாம் எங்களுக்குப் பயன்பட்டது என்றே நினைக்கிறேன். மிஷன் மருத்துவமனைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் அந்த மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. படித்த கை எளியவர்களிடம் திரும்பி வருகிறது.

கிறிஸ்தவ நிறுவனம் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. கங்கையம்மன் குங்குமத்தோடு போகும் எங்களை வேறாக நடத்தியதும் இல்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று: முதல் நாள் தரும் ஆஸ்பத்திரி எண்ணைத் தொலைக்காதீர்கள். எத்தனை ஆண்டு கழித்துப் போனாலும் அதே எண்தான். அப்பாவின் அட்டை மடிப்பில் கிழிந்து, நூலால் தைத்து வைத்திருக்கிறோம்.

இப்போது ராமாபுரத்தில், எங்கள் பக்கத்திலேயே சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம் இருக்கிறது. பாலாற்றைத் தாண்டாமலேயே அப்பாவைக் காட்டிவிட்டு வருகிறோம். அவருக்கு 82 வயது. வலி தெரியாத கை கால்களைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 1984இல் சொல்லிக் கொடுத்தார்கள். இரவு படுக்கும் முன் அவர் கட்டிலில் காலை நீட்டுகிறார். என் மகள் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்த்து, “ஒன்றுமில்லை தாத்தா” என்கிறாள்.