வெனிஸ் என்று சொல்லி ரவென்னாவில் ஏற்றினார்கள்

சொகுசுக் கப்பல் பயணச்சீட்டில் ‘வெனிஸ்’ என்றுதான் பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘ரவென்னா’ என்று இருந்ததைப் பணம் கட்டிய பிறகுதான் பார்த்தேன். முப்பது வருடம் பாங்கில் பொடி எழுத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். எனக்கே இந்தக் கதி.

25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரத்தை உரசிக்கொண்டு ஜூடெக்கா கால்வாயில் போக 2021 ஆகஸ்டிலிருந்து இத்தாலி தடை போட்டிருக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் டிக்கெட் விற்பவர்கள் அந்தப் பெயரை மட்டும் விடவில்லை. வெனிஸ் விமான நிலையத்திலிருந்து ரவென்னாவுக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். துறைமுகம் ஊருக்கு வெளியே இருக்கிறது. நல்ல வேளையாக ஒரு நாள் முன்னதாகவே போயிருந்தோம். சான் விட்டாலே தேவாலயத்தில் 6ஆம் நூற்றாண்டு மொசைக்குகளை (வண்ணச் சில்லுகளை ஒட்டிச் செய்த படங்கள்) பார்த்தோம். அந்தத் தங்க நிறம் நேற்று ஒட்டியது போல இருக்கிறது.

கப்பலில் ஏறக்குறைய 600 பேர். ஏழு இரவுகள். குரோஷியாவில் டுப்ரோவ்னிக், மாண்டினீக்ரோவில் கோட்டோர், கிரேக்கத் தீவுகளான கோர்ஃபு, சாண்டோரினி, கடைசியில் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ். அறை, பால்கனி, மெத்தை, பணிவிடை எதிலும் குறையில்லை. எனக்கு உறுத்தியது கணக்குதான். டிப்ஸ், ஒயின் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம் என்கிறார்கள். நானும் மனைவியும் குடிப்பதில்லை. ஆக, பக்கத்து மேசைக்காரர் குடித்த ஷாம்பெயினுக்கு நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம். சைவச் சாப்பாடு என்றால் நான்கு இரவு பாஸ்தா, மூன்று இரவு ரிசோட்டோ. கிரேக்கத் தயிர்தான் காப்பாற்றியது. கத்தியால் வெட்டலாம் போல அவ்வளவு கெட்டி. வெறும் சோறு கேட்டு வாங்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அப்புறம் என்ன வேண்டும்!

இத்தனைக்கும் பணம் வீண் என்று சொல்லமாட்டேன். காரணம், கோட்டோருக்குள் கப்பல் நுழைந்த அந்தக் காலை. ஐந்தரைக்கே மேல்தளத்துக்குப் போய்விட்டோம். (பால்கனியில் நின்றால் ஒரு பக்கம்தான் தெரியும். இங்கே இரண்டு பக்கமும் வேண்டும்.) வாய் அகன்ற விரிகுடா போகப்போகக் குறுகி, வெரிகே என்ற இடத்தில் சுமார் 340 மீட்டருக்கு வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் மலை. என்ஜின் சத்தம் அடங்கி, கப்பல் ஊர்ந்துதான் போனது. கரையில் ஒரு அம்மா துணி உலர்த்துவது தெரிந்தது. அதைத் தாண்டினால் பெராஸ்ட் ஊருக்கு எதிரே இரண்டு குட்டித் தீவுகள். அதில் ஒன்று, ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கொட்டி, பழைய கப்பல்களை மூழ்கடித்து எழுப்பியது. இன்றும் ஜூலை 22 அன்று படகில் போய்க் கல் போடுகிறார்களாம். கடைசியில் மலைமேல் ஏறிப் போகும் மதிலோடு கோட்டோர் வந்தது. மனைவி கையிலிருந்த காபி அப்படியே ஆறிப்போயிருந்தது.

டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்பது க்ரூஷ் துறைமுகத்தில். பழைய ஊர் அங்கிருந்து 3 கிலோமீட்டர். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள மதில்மேல் நடக்கக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் முடியாது. கோர்ஃபுவில் ஊர் நடுவே கிரிக்கெட் ஆடும் மைதானம் இருக்கிறது, ஆங்கிலேயர் விட்டுப்போனது. நாங்கள் போன அன்று ஆட்டம் இல்லை, எனக்கு வருத்தம்.

சாண்டோரினியில் சொகுசு எல்லாம் படகுத்துறையோடு சரி. கப்பல் கடலிலேயே நிற்கும், சிறு படகில்தான் கரைக்கு வரவேண்டும். மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், இல்லையென்றால் கழுதை, இல்லையென்றால் 580க்கும் மேற்பட்ட படிகள். எங்களைவிடப் பாதிப் பணம் கட்டி வேறு கப்பலில் வந்தவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். திரும்பி வர ஒன்றே கால் மணி நேரம் நின்றோம்.

இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒன்று. குரோஷியா 2023 முதல் ஷெங்கனில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருக்கிறது, மாண்டினீக்ரோ இல்லை. கோட்டோருக்குப் போய்விட்டுக் கிரேக்கத்துக்குள் வருவது மறுநுழைவு. அதனால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அவர்களே இறக்கிவிடுவார்கள். நான் பேன்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பூட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் பிரேயஸில் வேட்டியோடுதான் இறங்கினேன்.