கொடைக்கானல் குளிரில் பந்தயப் புறா: பூண்டு, வினிகர், மாத்திரை, பவுடர் – நீண்ட நாள் பயன்பாட்டில்

"அண்ணே, புறாவுக்குப் பூண்டுத் தண்ணி போதுமா, இங்கிலீஷ் மருந்தும் வேணுமா?" கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் புதிதாக ஹோமர் (பந்தயப் புறா) ஜோடிகளை இறக்கியிருக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. ரெண்டும் வேணும். எதை எதற்குக் கொடுப்பது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதியைப் பற்றிப் பெரும்பாலான மருந்துப் பாக்கெட்டுகளில் ஒரு வரி கிடையாது. அது என்னவென்றால், மலையில் புறா தண்ணீர் குடிப்பது குறைவு.

கடையில் கிடைக்கும் புறா மருந்துகளில் பெரும்பாலும் 'லிட்டருக்கு இத்தனை கிராம்' என்றுதான் போட்டிருக்கும். புறா நாளுக்குச் சுமார் 50 மில்லி குடிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. சென்னையில் சித்திரை வெயிலில் பறந்து இறங்கும் புறா அதற்கு மேலேயே குடிக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஐப்பசி மூடுபனியில் கூண்டுக்குள் முடங்கிக் கிடக்கும் புறா அதில் பாதியைக் குடித்தாலே பெரிது. தண்ணீர் பாதியானால் மருந்தும் பாதி. அரைகுறை மருந்தில் கிருமி சாகாமல் அதற்குப் பழகிக்கொள்ளும். அடுத்த முறை முழு அளவு கொடுத்தாலும் கேட்காது. 'மருந்து போலி' என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். 20 புறா உள்ள கூண்டில் குளியல் தொட்டியை எடுத்துவிட்டு, காலையில் சரியாக 1 லிட்டர் வையுங்கள். மறுநாள் மீதியை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 500 மில்லி மிஞ்சியிருந்தால் தலைக்கு 25 மில்லிதான் போயிருக்கிறது.

அதே குளிரில் புறா தீனி அதிகமாகத் தின்னும். சாதாரணமாக 30 கிராம் தின்பது 35, 40 என்று ஏறும். அதனால் மலையில் கூட்டத்துக்கு மருந்து கொடுக்கத் தீனிதான் நம்பகமான வழி. ஒரு வேளைத் தீனியை எடைபோட்டு, கிலோவுக்கு 10 மில்லி நல்லெண்ணெய் விட்டுப் பிசறி, அதன் மேல் பவுடரைத் தூவிப் புரட்டினால் ஒவ்வொரு தானிய மணியிலும் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இந்தக் குளிரில் உறைந்து கட்டி தட்டி, ஒரு மணியில் மருந்து மொத்தமாகவும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போகும். வலுத்த ஆண் புறா முதலில் விழுந்து தின்னும் என்பதால் ஒரே தட்டில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் பிரித்து வைக்க வேண்டும். முந்தின நாள் கொஞ்சம் பசியோடு வைத்தால் மிச்சம் வைக்காது. குஞ்சுக்கு இரை ஊட்டும் ஜோடியை மட்டும் பட்டினி போடக் கூடாது.

நோய் கண்ட புறாவுக்கு இதுவும் போதாது. அது தின்னாது, குடிக்காது. மாத்திரையை வாயில்தான் போட வேண்டும். கேன்கர் என்ற தொண்டை நோயை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அலகைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் வெண்ணெய்க் கட்டி போல ஒட்டியிருக்கும், ஒரு நாற்றமும் வரும். கட்டியைப் பிய்க்காதீர்கள், ரத்தம் கொட்டும். 200 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் மாத்திரையில் கால் பங்கு, அதாவது 50 மில்லிகிராம், பெரிய புறாவுக்குத் தினம் ஒரு வேளை, ஐந்து நாள். இந்த மாத்திரை படு கசப்பு, தண்ணீரிலும் சரியாகக் கரையாது. பொடித்துத் தண்ணீரில் போடுவது வீண் வேலை. கார்னிடசோல் கிடைத்தால் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஒரே வேளையோடு முடிந்தது.

சந்தேகம் இருந்தால் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அதோடு கலக்கும் சலைன் (உப்பு நீர்) வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், எடுத்த உடனே பார்க்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கிருமி அசைவதை நிறுத்திவிடும். அசையாத கிருமி கண்ணில் படாமல், 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும்.

பூண்டுக்கு வருகிறேன். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காரமும் நெடியும் கடைப்பூண்டைவிடத் தூக்கல், அதனால் அளவையும் குறைக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு பல், நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுவது வழக்கம். நசுக்கிய பிறகுதான் அதன் சத்து உருவாகிறது, முழுப் பல்லைப் போட்டுவைப்பதில் பிரயோசனமில்லை. கொதிக்க வைத்தால் கெட்டுவிடும். வாரம் இரண்டு நாள் போதும். தினமும் ஊற்றினால் ரத்தச் சிவப்பணுக்களுக்கே கேடு வரலாம். நெடிக்குப் பயந்து ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் புறா இன்னும் குறைக்கும் என்பதால், நான் சொல்வது இதையும் தீனியில் பிசறுங்கள் என்றுதான். அன்றன்றைக்கு நசுக்கியது மட்டும். எண்ணெயில் ஊறவைத்துப் பாட்டிலில் சேர்த்துவைத்தால் நஞ்சாகலாம்.

ஆப்பிள் சிடர் வினிகர் லிட்டருக்கு 5 மில்லி, வாரம் இரண்டு நாள். தண்ணீரில் பாசியும் வழவழப்பும் சேராது, எச்சம் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு விழும். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் பாத்திரத்தில் மட்டும் வையுங்கள், தகர வாளியில் ஊற்றினால் துத்தநாகம் கரைந்து இறங்கும். இவ்வளவு நல்ல பொருளை 'கேன்கரைக் குணமாக்கும்' என்று சொல்லி விற்பவர்கள் மேல்தான் கோபம் வருகிறது. வராமல் தடுக்கக் கொஞ்சம் உதவும், வந்த பிறகு இதை ஊற்றிக்கொண்டு நாலு நாள் காத்திருந்தால் குஞ்சு மிஞ்சாது.

நீலகிரித் தைலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மூடிய கூண்டில் தெளிப்பதை விட்டுவிடுங்கள். புறாவின் காற்றுப்பைகள் அந்த நெடியைத் தாங்காது. தும்மல், ஒரு கண்ணில் மட்டும் நீர், வெள்ளையாக இருக்க வேண்டிய மூக்குச் சதை சாம்பல் நிறமாவது ஆகியவை மூச்சுப் பாதை நோயின் அடையாளம். டாக்ஸிசைக்ளின் தலைக்கு நாளுக்கு 25 மில்லிகிராம் வீதம், 20 புறாவுக்கு 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஐந்து, தீனியில் பிசறி. எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அந்த நாட்களில் கிரிட் (புறா கொத்தும் கல் கலவை), கிளிஞ்சல், முட்டை ஓடு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இந்த நோயைத் தரும் கிருமிகளில் ஒன்றான கிளமிடியா மனிதருக்கும் தொற்றும். புறா வளர்ப்பவருக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் நீடித்தால் மருத்துவரிடம் புறா இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குடற்பூச்சி மருந்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிவைத்த அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் பாட்டிலைப் புறாவிடம் கொண்டுபோகாதீர்கள். எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். இறகு முளைக்கும் நேரத்தில் கொடுத்தால் புது இறகு கோணலாக வரும், அந்தப் பருவப் பந்தயமே போச்சு. ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுத்தால் அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக்கை நிறுத்துங்கள், ஒன்று மற்றதை வெட்டிவிடும். கழுத்து திருகிக்கொள்ளும் நோய்க்கு மருந்தே கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். கோழிக்குப் போடும் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டின் பலம் புறாவுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். வந்துவிட்டால் தனியாக எடுத்து, ஆழமான கிண்ணத்தில் தீனி வைத்துப் பொறுமையாகப் பாருங்கள், பல வாரங்களில் தேறிய புறாக்கள் உண்டு.

கடைசியாக, தம்பி விலை குறைந்திருக்கிறது என்று சொன்ன ரோனிடசோல் பவுடர். கேன்கருக்கு மொத்தக் கூட்டத்துக்கும் கொடுக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. சுத்தமாகக் கரையும், கசக்காது, அதே நோய்க்குக் கொடுக்கும் டைமெட்ரிடசோல் போல அளவு கொஞ்சம் கூடினால் புறா தள்ளாடி விழும் ஆபத்தும் இல்லை. இத்தனை நல்ல குணம் இருந்தும், தண்ணீர் அளவு மட்டும் போட்ட பாக்கெட்டைக் கொடைக்கானலில் இருப்பவர் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். குளிர்ப் பிரதேசத்துக்கு ஒரு அளவு, தீனியில் கலக்க ஒரு அளவு என்று இரண்டு வரி அச்சடிக்க மனமில்லாத பாக்கெட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அந்தக் காசில் மருந்து நிறுக்க ஒரு சின்ன டிஜிட்டல் தராசும், கூண்டின் தரைக்குக் கம்பி வலையும் வாங்குங்கள். ஈர எச்சத்தில் புறா நிற்காவிட்டால் ரத்தக் கழிச்சல் பெருமளவு குறையும். மக்காச்சோளத்தைத் தினமும் இரும்புச் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி ஆறவைத்துப் போடுங்கள், இந்த ஈரக்காற்றில் மூட்டைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கிறது.