ஹெரால்டு கியர் பாக்ஸ்: எல்லாம் கிடைக்கும், லே ஷாஃப்டைத் தவிர

நண்பர் ஒருத்தருக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அதான் நம்ம சென்னையில தயாரான அந்தப் பழைய கார், ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. பாடி சுத்தம், எஞ்சின் சுத்தம், கியர் பாக்ஸ் மட்டும் இரையுதாம். "சாமான் கிடைக்குமா, வாங்கலாமா?"ன்னு கேட்டார். என் ஹெரால்டு பாக்ஸை ஒரிஜினலாவே கட்டி, ஓட்டி, திரும்பப் பிரிச்சுக் கட்டின அனுபவத்துல அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதறேன்.

முதல்ல சந்தோஷமான விஷயம். இந்த வண்டியில கியர் பாக்ஸை இறக்க அடியில படுக்கவே வேண்டாம். முன் சீட்டுகளைக் கழட்டி, நடுவுல இருக்கிற அட்டை மூடியைத் தூக்கினா பாக்ஸ் முழுசா கண்ணுக்குத் தெரியும். வண்டிக்குள்ளிருந்தே தூக்கி எடுத்துடலாம். குழியும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். பானெட் மொத்தமா முன்னாடி சாயறதால எஞ்சின் பக்கமும் கை தாராளமா போகும். ரிப்பேர் பண்றவனை மனசுல வெச்சு வரைஞ்ச வண்டி இது. அந்த விஷயத்துல இன்னிக்கு வர்ற எந்தக் காரும் இதுக்குக் கிட்ட வராது.

சத்தம் எங்கேன்னு கண்டுபிடிக்கறதும் சுலபம். நியூட்ரல்ல நிக்கும்போது இரைஞ்சு, கிளட்ச்சை மிதிச்சதும் அடங்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணுல இரைஞ்சு, நாலுல போகும்போது அமைதியாகுதா? அப்போ பெரும்பாலும் லே ஷாஃப்ட்தான், அதாவது பாக்ஸுக்குள்ள கீழ இருக்கிற கியர் கட்டைத் தாங்கற தண்டு. நாலாவது கியர்ல பவர் நேரா பின்னாடி போயிடும். மத்த மூணுலயும் கீழே இருக்கிற கியர் கட்டு வழியாத்தான் சுத்திப் போகணும். அந்தக் கட்டு நீடில் ரோலர், அதாவது ஊசி மாதிரி மெல்லிசான உருளைகள் மேல உருளுது. சுழலாம நிக்கிற லே ஷாஃப்ட் மேலேயே ரோலர்கள் நேரடியா ஓடுது. ஷாஃப்டோட மேல்தோல் பெயர்ந்தா, துகள் ஆயில்ல கலந்து மத்த எல்லாத்தையும் தின்னும்.

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். சென்னையில ஒரு கடையில "புதுசு சார், ஒரிஜினல் மாதிரியே"ன்னு ஒரு லே ஷாஃப்ட் கொடுத்தாங்க. அளவு கச்சிதம், பளபளப்பும் குறைவில்லை. ஒரு மழைக்காலம்கூட தாண்டலை, பழைய இரைச்சல் வந்துடுச்சு. பிரிச்சா ரோலர் ஓடின இடமெல்லாம் பள்ளம். அரம் வெச்சுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இழுத்துச்சு. சரியா கடினப்படுத்தின ஷாஃப்ட்ல அரம் பிடிக்காது, வழுக்கும். சும்மா உருட்டுக் கம்பியைக் கடைஞ்சு பாலிஷ் போட்டு வித்திருக்காங்க. சாமான் இல்லைன்னு சொல்லியிருந்தா நான் காத்திருப்பேன். வெறும் இரும்பை ஷாஃப்டுன்னு வித்ததாலதான் நல்லா இருந்த ரோலர்களும் சேர்ந்து போச்சு.

கடைசியில அம்பத்தூர்ல ஒரு லேத் பட்டறையில செஞ்சோம். EN8-ங்கற சாதாரண எஃகுக் கம்பி வேண்டவே வேண்டாம். EN353 மாதிரி கேஸ் ஹார்டனிங் எஃகு, அதாவது மேல்தோலை மட்டும் கடினப்படுத்தற ரகம் கேளுங்க. கடைஞ்சு, கடினப்படுத்தி, அதுக்கப்புறம் கிரைண்டிங். இந்த வரிசை மாறக் கூடாது. வாங்கும்போது ஹார்ட்னஸ் ரிப்போர்ட் கேளுங்க. கடினத்தை அளக்கற ராக்வெல் சி கணக்குல 58 முதல் 62-க்குள்ள இருக்கணும். ரோலர்களை ஒரே செட்டா மாத்துங்க, பழசையும் புதுசையும் கலக்காதீங்க.

மத்த சாமான் அவ்வளவு கஷ்டம் இல்லை. பேரிங்ல நம்பர் பொறிச்சிருக்கும், அதைக் காட்டினா எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். வெளி வளையத்துல காடி வெட்டி கிளிப் மாட்டின வகைன்னா நம்பருக்குப் பின்னாடி NR இருக்கும். அது இல்லாததைத் தலையில கட்டப் பார்ப்பாங்க, விடாதீங்க. கியர் உரசாம விழறதுக்கு வேகத்தைச் சமமாக்கற பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு சென்னையில புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு கடைகள்ல பழைய ஸ்டாக் தேடலாம், இல்லைன்னா இங்கிலாந்துதான். அந்த ஊர் கார்களான டிரையம்ப் ஹெரால்டும் ஆரம்பகால ஸ்பிட்ஃபயரும் இதே குடும்பம்ங்கறதால அங்கே இன்னும் செய்யறாங்க. கஸ்டம்ஸும் கூரியரும் ரிங் விலையைத் தாண்டிடும், மனசைத் தேத்திக்கங்க. எஞ்சின் பவரை உள்ளே கொண்டுவர்ற இன்புட் ஷாஃப்டும் கியர் கட்டும் ஜோடி; வேற பாக்ஸ்ல இருந்து எடுத்தா ரெண்டையும் சேர்த்தே எடுங்க, பல்லை எண்ணிப் பாருங்க. கியர் ஆயில்ல ஜிஎல்-4 தரம் போதும். பல ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளைக்கு ஆகாது.

இப்போ என் பாக்ஸ் எப்படி? முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்னாத்தான் போடணும். அது பிறவிக் குணம், குறையில்ல. ரெண்டுலிருந்து மூணுக்குக் குட்டை லீவர் விழற சுத்தம் இருக்கே, அதுக்காகவே ஈ.சி.ஆர்ல தேவையில்லாம கியர் மாத்திட்டுப் போவேன்.

இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. பொய்ச் சாமான் விக்கிற கடைகளோட மல்லுக்கட்ட நேரமும் பொறுமையும் இல்லைன்னா இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். மீறி வாங்கி, மெக்கானிக் "வேற வண்டி பாக்ஸ் மாட்டிடலாம்"னு சொன்னா, கழட்டினதை எடைக்குப் போட்டுடாதீங்க. 71-ஓட ஹெரால்டு உற்பத்தி நின்னுடுச்சு, அதுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கெஸலும் 77-ல முடிஞ்சது. பல்லு உடையாத ஒரு கியர் கட்டு உள்ளே இருந்தாலே இன்னொரு வண்டி ரோட்டுக்கு வரும். எனக்குச் சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்.