ஓய்வுக்குப் பின் ஆர்.வி.யில் (சக்கரத்தில் நகரும் வீட்டில்) குடியேறப் போகிறீர்களா? 'பொழுதுபோக்கு' என்று டிக் அடித்த காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அரிசோனாவில் 67 வயது அம்மா ஒருவர். தனி ஆள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, காரின் பின்னால் மாட்டி இழுக்கிற, ஆறு வருடப் பழைய 19 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றை டீலரிடம் வாங்கினார். "இனிமேல் இதுதான் என் வீடு, வருஷம் முழுக்க இதில்தான் இருப்பேன்" என்று முதல் பேச்சிலேயே விற்பனையாளரிடம் சொல்லிவிட்டார். கடைசியில் ஃபைனான்ஸ் அறையில் நீட்டிய கடன் விண்ணப்பத்தில், பயன்பாடு என்ற இடத்தில் 'பொழுதுபோக்கு' என்று முன்கூட்டியே டிக் அடித்திருந்தது. காப்பீட்டுப் படிவத்திலும், பழுதுச் செலவை ஏற்பதாகச் சொல்லிக் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த சர்வீஸ் கான்ட்ராக்டிலும் அதேதான். மூன்றிலும் கையெழுத்து மட்டும் அவருடையது.

சில மாதத்தில் ஃப்ரிட்ஜ் நின்றது. கான்ட்ராக்ட் நிறுவனம் பரிசோதகர் ஒருவரை அனுப்பியது. வண்டியே குடியிருப்பு என்று அவர் எழுதிக்கொண்டு போனார், கோரிக்கை தள்ளுபடி. ஜூலையில் அரிசோனாவின் மழைக்காலம் தொடங்கியதும் கட்டிலுக்கு அடியில் முன்மூலை ஈரமானது. புது வைனல் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பலகை மாவாகக் கிடந்தது. தண்ணீர்ச் சேதம் கான்ட்ராக்டில் கிடையாது. டீலரைக் கேட்டால், "ஆஸ் இஸ் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே அம்மா" என்றார். அதாவது, இருக்கிற நிலையிலேயே, உத்தரவாதம் இல்லாமல் வாங்கியது.

டீலரின் பெயர் இங்கே இல்லை. போட்டாலும் பெரிய பயனில்லை, இதே வேலையை இதே வரிசையில் செய்கிற கடைகள் நிறைய. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

அந்த டிக்கை ஏன் அவர்களே அடிக்கிறார்கள்? நிரந்தர முகவரி இல்லாத, இடம் மாறிக்கொண்டே இருக்கிற ஆளுக்கு ஆர்.வி. கடன் கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும். 'முழுநேரக் குடியிருப்பு' என்று உண்மையை எழுதினால் கடன் நின்றுபோகலாம். கடன் நின்றால் அதில் வரும் கமிஷனும், அதோடு ஒட்டி விற்கும் கான்ட்ராக்டின் கமிஷனும் போச்சு. ஆகவே பொய்யை அவர்கள் எழுதுவார்கள், பொறுப்பு உங்கள் தலையில். கடன் விண்ணப்பத்தில் தவறான தகவல் தந்தவர் என்று நாளை பெயர் வாங்குவது கையெழுத்துப் போட்டவர்தான்.

புது வண்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். பல தயாரிப்பாளர்களின் வாரண்டி புத்தகத்திலேயே, முழுநேரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது அல்லது குறையும் என்று ஒரு வரி இருக்கும். பேரம் தொடங்கும் முன்பே டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்த வண்டியில் ஆண்டு முழுவதும் வசிப்பேன். வாரண்டியும் கான்ட்ராக்டும் எனக்குச் செல்லுமா? எந்தப் பிரிவின்படி?" வாய்வார்த்தை வேண்டாம், பதில் எழுத்தில் வரட்டும். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

காப்பீட்டில், முழுநேரம் வண்டியிலேயே வசிப்பவர்களுக்கான 'ஃபுல்டைமர்' பாலிசி என்று தனியாகக் கேட்க வேண்டும். சாதாரண ஆர்.வி. பாலிசி வண்டியைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வாசலில் யாராவது வழுக்கி விழுந்தால் வரும் பொறுப்பு, உள்ளே இருக்கும் மொத்த உடைமைகள், இவையெல்லாம் வீட்டுக் காப்பீடு பார்த்துக்கொண்ட விஷயங்கள். வீட்டை விட்டதும் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. நிரந்தர முகவரி ஒன்றுக்காகத் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா என்று மாறுகிறவர்கள், முதியோருக்கான மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியே தரும் மெடிகேர் அட்வான்டேஜ் வைத்திருந்தால் அதன் மருத்துவமனை வலைப்பின்னல் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு உட்பட்டது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அரசே நேரடியாகத் தரும் ஒரிஜினல் மெடிகேருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இனி வண்டி. பழைய டிரெய்லரில் பணத்தைத் தின்பது தண்ணீர்தான். மற்றதெல்லாம் கழற்றி மாற்றக்கூடிய சாமான்.

தண்ணீர் புகுந்ததை மறைக்கிற கைவேலை எளிது: தரையில் புது வைனல், உள்ளே வாசனை டப்பா, கூரை ஓரத்தில் புது சிலிகோன். இந்த மூன்றாவதைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். ரப்பர் கூரைக்குத் தானாகப் பரவி மட்டமாகும் லாப் சீலன்ட் தான் பூச வேண்டும். சிலிகோன் அதில் சரியாக ஒட்டாது, ஒருமுறை பூசிவிட்டால் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. விற்பதற்கு முன் அவசரத்தில் ஒழுகலை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெளிச்சுவரை நேராக நின்று பார்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, பின்மூலையில் சுவரோடு கன்னத்தை ஒட்டி நீளவாட்டில் பாருங்கள். பல டிரெய்லர்களில் இந்தச் சுவர் பல அடுக்கு: வெளியே ஃபைபர்கிளாஸ் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், அதற்குப் பின் ஃபோம். பிளைவுட் நனைந்தால் தகடு விட்டுக்கொண்டு அப்பளம்போல எழும்பி நிற்கும். அப்படி ஒரு கொப்புளம் இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். சுவரையே மாற்றுவது தவிர ஒழுங்கான வைத்தியம் கிடையாது. மூலைப் பட்டைகளில் திருகுகளை மூடும் வைனல் நாடா சுருங்கியிருக்கிறதா, அதன் கீழ் துருக் கோடு வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீருக்கு அதுதான் நுழைவாயில்.

உள்ளே மெத்தையைத் தூக்குங்கள். மேல் அலமாரிகளின் கடைக்கோடி மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஜன்னலின் கீழ்மூலைகள், கதவு நிலைக்கு அருகே, டாய்லெட் அடி, ஸ்லைடு (வெளியே நீளும் அறைப் பகுதி) இருந்தால் அதன் மூலைகள், எல்லா இடத்திலும் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள். இரண்டு முள் வைத்த ஈரமானி 30, 40 டாலருக்குக் கிடைக்கும். 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் காய்ந்த மரம். 20-ஐத் தாண்டினால் நடையைக் கட்டலாம்.

ஆனால் அரிசோனா, நெவாடா போன்ற வறண்ட இடங்களில் ஈரமானியை நம்பி ஏமாறுகிறார்கள். ஈர மாநிலத்தில் வருடக்கணக்காக ஊறி அழுகிய வண்டி, பாலைவனத்து டீலரிடம் நாலு மாதம் நின்றால் எலும்பாகக் காய்ந்துவிடும். மானி 8 என்று காட்டும், மரமோ விரலில் பொடியும். அந்த அம்மாவின் வண்டியில் நடந்தது இதுதான். வறண்ட ஊரில் மானியைவிடக் கட்டைவிரலும், மறைவிடத்தில் மெல்லக் குத்திப் பார்க்க ஒரு கூர்முனைக் கருவியும் மேல். வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைக் கொண்டு, என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசிய வண்டி உரிமைப் பதிவேட்டின் அறிக்கையைச் சில டாலருக்கு எடுக்கலாம். டைட்டில் (உரிமைப் பத்திரம்) எந்தெந்த மாநிலத்தில் இருந்தது, சால்வேஜ் (பெருஞ்சேதமடைந்து கழிக்கப்பட்டது), வெள்ளச் சேதம் என்ற முத்திரை எங்காவது விழுந்ததா என்று அதில் வரும். புயல் அடித்த மாநிலத்திலிருந்து வந்த வண்டி என்றால் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்த பொய் எடையில். "உலர் எடை 3,800 பவுண்டு, உங்கள் எஸ்.யு.வி. 5,000 இழுக்கும், கவலையே வேண்டாம்." உலர் எடையில் தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பெரும்பாலும் பேட்டரியும் இல்லை, உங்கள் சாமான் எதுவும் இல்லை. 30 கேலன் தண்ணீர் 250 பவுண்டு. நிரம்பிய 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்து 75. பேட்டரிகள் 100. வருடம் முழுக்க வாழ்கிறவரின் துணிமணி, பாத்திரம், மருந்து, கருவிகள் 600-க்குக் குறையாது. கூட்டினால் 4,825. இழுவை வரம்புக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் டிரெய்லரின் மூக்கு காரின் ஹிட்ச் (இழுவைக் கொக்கி) மீது இறக்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் வண்டி ஆடாமல் வரும். 13 என்று வைத்தால் 627 பவுண்டு. அந்த வகை எஸ்.யு.வி.யின் ஹிட்ச் வரம்பு பெரும்பாலும் 500தான். மூக்கு எடையைக் குறைக்கப் பின்னால் சாமான் ஏற்றினால் நெடுஞ்சாலையில் வால் ஆட்டம் தொடங்கும். ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டிய ஸ்டிக்கரில் பயணிகளும் சரக்குமாக எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கிறதே, மூக்கு எடையும் அந்தக் கணக்கில்தான் கழியும். சந்தேகமிருந்தால் லாரிகள் நிற்கும் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடை உண்டு, சில நிமிட வேலை.

சோலார் கதைக்கு வருவோம். "கூரையில் 200 வாட் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்பார்கள். நல்ல வெயில் நாளில் அது 800 முதல் 1,000 வாட்-மணி தரும். 13,500 பி.டி.யு. குளிரூட்டும் திறனுள்ள கூரை ஏசி ஓடும்போது சுமார் 1,400 வாட் இழுக்கிறது. முழுநாள் வெயிலும் முக்கால் மணி நேர ஏசிக்குத்தான் காணும். நம் சமையல்காரர்களுக்கு இன்னொன்று: 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியே ஓட்டினால் 150 ஆம்புக்கு மேல் போகும். ஒற்றை 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரியில் உள்ளிருக்கும் பாதுகாப்பு போர்டு பொதுவாக 100 ஆம்பிலேயே அணைத்துவிடும். குறைந்தது இரண்டு பேட்டரி இணையாக வேண்டும். தாளிப்புப் புகைக்கு அடுப்புக்கு மேலுள்ள ஹூட் வெளியே தள்ளுகிறதா, உள்ளேயே சுற்றுகிறதா என்று பாருங்கள். வெளிச்சுவரில் அதன் மூடியைப் பயணத்துக்காகக் கிளிப் போட்டு மூடியிருப்பார்கள். அதைத் திறக்காமல் ஹூட் போடுவது வீண்.

கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் குளிர ஒரு ராத்திரி ஆகும். முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள், நீங்கள் போகும்போது உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அம்மோனியா வாடையோ பின்பக்கம் மஞ்சள் படிவமோ இருந்தால் அது செத்த ஃப்ரிட்ஜ். "கேஸ் நிரப்பவில்லை", "குளிர்காலம், பைப்பில் ஆண்டிஃப்ரீஸ் இருக்கிறது, தண்ணீர் விட முடியாது" என்றால், விட முடிகிற நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தரையோரம் இருக்கும் கேஸ் டிடெக்டருக்கு ஐந்து முதல் ஏழு வருடம்தான் ஆயுள், தேதி அதன் மேலேயே இருக்கும்.

டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகும். வெடிக்கும்போது அடித்தட்டையும் கழிவுநீர்க் குழாயையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போகும்.

எந்த வகை வாங்கலாம் என்றால், தனி ஆளுக்கு இரண்டு பாதி ஓடுகளாக வார்த்து ஒட்டிய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்கள், ஸ்காம்ப், கசீட்டா வகையறா, முதல் தேர்வு. இணைப்புகள் குறைவு, ஒழுகல் குறைவு, விலையும் எளிதில் இறங்காது. ரிவெட் ஆணி அடித்த இடங்களையும் ஜன்னல் ஓரங்களையும் முக்கியமாகப் பாருங்கள். வேனுக்குள்ளேயே வீடு அமைத்த கேம்பர் வேனில் இறங்காமலேயே ஓட்டுநர் இருக்கைக்குப் போய் வண்டியைக் கிளப்பலாம், ராத்திரி பயந்த நேரத்தில் அது பெரிய விஷயம். ஆனால் எஞ்சின் கோளாறு என்றால் வீடே மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விடும்.

பணம் நகரும் வரிசை முக்கியம். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கொடுங்கள். 'சுயேச்சையான பரிசோதனைக்கு உட்பட்டது, முழுவதும் திரும்பத் தரப்படும்' என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். என்.ஆர்.வி.ஐ.ஏ. என்ற ஆர்.வி. பரிசோதகர் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற இன்ஸ்பெக்டர்களில் ஒருவரை நீங்களே தேடிப் பிடியுங்கள், டீலர் சொல்லும் ஆள் வேண்டாம். கதவருகே ஒட்டியிருக்கும் ஆர்.வி.ஐ.ஏ. (ஆர்.வி. தொழில்துறைச் சங்கம்) முத்திரை பாதுகாப்பு விதிகளுக்கானது, தரத்துக்கோ இன்றைய நிலைக்கோ சான்று அல்ல. டெலிவரி நாளில் தண்ணீர், கேஸ், கரண்ட் மூன்றும் ஓட்டிக் காட்டிய பிறகே கையெழுத்து. கன்சைன்மென்ட் வண்டி (உரிமையாளருக்காக டீலர் விற்றுத் தருவது) என்றால் டைட்டிலைக் கண்ணால் பார்க்காமல் பணம் தராதீர்கள். பழைய உரிமையாளரின் கடனை டீலர் அடைக்காமல் விட்டால், தற்காலிக நம்பர் பிளேட் காலாவதியான பிறகும் டைட்டில் வராது. மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம், மூன்று நாள் அவகாசம் தரும் கூட்டாட்சி விதி டீலரின் கடையில் வாங்கிய வண்டிக்குப் பொருந்தாது.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும், டீலர் உரிமம் தரும் துறைக்கும் புகார் எழுதுங்கள். உரிமம் பெறும்போது டீலர்கள் பொதுவாக ஒரு பிணைப் பத்திரம் கட்டியிருப்பார்கள், அதன் மீது நஷ்ட ஈடு கோர வழியுண்டு. 1975-ன் மேக்னசன்-மாஸ் என்ற கூட்டாட்சி வாரண்டிச் சட்டப்படி, விற்ற 90 நாளுக்குள் டீலரே ஒரு தரப்பாக நின்று சர்வீஸ் கான்ட்ராக்ட் போட்டிருந்தால், 'ஆஸ் இஸ்' என்று சொல்லி மாநிலச் சட்டம் தரும் மறைமுக வாரண்டியிலிருந்து (எழுதாவிட்டாலும் உண்டு என்று சட்டம் கொள்ளும் உத்தரவாதம்) அவர் நழுவ முடியாது. கான்ட்ராக்டில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்து, டீலர் வெறும் முகவர் என்றால் இது பொருந்தாது. முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

உங்களுக்குச் செல்லாத கான்ட்ராக்டை வைத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். பெரும்பாலானவற்றை ரத்து செய்யலாம். தொடக்க நாட்களில், பலவற்றில் 30 நாளுக்குள், முழுத் தொகையும் வரும், பிறகு மீதிக் காலத்துக்கு ஏற்ற அளவு. டீலர் போனை எடுக்காவிட்டால் கான்ட்ராக்ட் நிறுவனத்துக்கே சர்டிஃபைடு மெயிலில் எழுதுங்கள். டயர்-வீல் திட்டம், துணி-பெயின்ட் பாதுகாப்பு என்று சேர்த்துக் கட்டியவற்றையும் அதே கடிதத்தில் கேட்கலாம். கடனில் வாங்கியிருந்தால் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, கடன் கொடுத்தவரிடம் போய் அசலில் கழியும். மாதத் தவணை அப்படியே இருக்கும், கடன் முடியும் தேதிதான் முன்னால் வரும்.