பனிக்கால ட்ரெயிலர் பற்றரிப் பராமரிப்பு: 860 டொலரை இழந்துவிட்டேன், நீங்களாவது கவனமாக இருங்கள்

ட்ரெயிலர் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) வைத்திருக்கும் உறவுகள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, பனிக்காலத்தில் ட்ரெயிலர்களை நிறுத்தி வைக்கும் வளாகம் ஒன்றில் 860 டொலரைப் பறிகொடுத்திருக்கிறேன். "பற்றரிப் பராமரிப்பு" என்று முன்கூட்டியே வாங்கிய கட்டணம் 180. மிச்சம் 680, அவர்கள் சாகடித்த இரண்டு 6 வோல்ற் பற்றரிகளுக்குப் பதிலாக நேற்று வரியோடு நான் வாங்கிய புதியவற்றின் விலை.

ஒக்டோபரில் விடப் போனபோது வரவேற்பில் இருந்தவர் நம்மவர். வாய் நிறைய "அண்ணா" என்றார். சூடேற்றிய அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், தட்டுகளில் அடுக்கியிருந்த பற்றரிகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்தது. "உங்களுடையதையும் இன்றே கழற்றி இங்கே வைத்துவிடுவோம் அண்ணா, தண்ணீர் குறைந்தால் நாங்களே விடுவோம்" என்றார். என் பெயரை ஒட்டுநாடாவில் எழுதி, காலியாக இருந்த தட்டில் என் கண்ணெதிரே ஒட்டினார். அதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

ஏப்ரலில் போய் ட்ரெயிலரின் முன்பக்கப் பெட்டியைத் திறந்தால், பற்றரிகள் அங்கேயே இருக்கின்றன. நான் இறுக்கிய பட்டியைக்கூட எவரும் அவிழ்க்கவில்லை. ஒன்றின் பக்கச் சுவர் புடைத்து, மேல் மூலையிலிருந்து அடிவரை வெடித்திருந்தது. அமிலம் வழிந்த இடத்தில் இரும்புச் சட்டத்தின் பெயின்ற் உரிந்து கிடந்தது. மற்றது 4 வோல்ற்றைக்கூடத் தொடவில்லை.

நடந்தது இதுதான். ட்ரெயிலரில் எரிவாயுக் கசிவு அலாரம் எந்நேரமும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இணைப்பைத் துண்டிக்காவிட்டால் சில வாரங்களில் பற்றரி வெறுமையாகிவிடும். முழு சார்ஜில் உள்ள ஈய அமிலப் பற்றரி பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. வெறுமையானதோ, கீழே 10 பாகை ஆவதற்குள் உறைந்து வெடித்துவிடும். வெடிக்காமல் தப்பினாலும் தகடுகளில் சல்பேற்று இறுகிப்போகும். ஒன்ராறியோவின் ஜனவரியில் இதைத் தடுக்கத்தானே 180 டொலர் கொடுத்தேன்?

தொலைபேசியில் அழைத்தேன். அன்று "அண்ணா" என்றவர் இப்போது ஆங்கிலத்தில், "மேலாளர் விடுமுறையில் இருக்கிறார்" என்றார். மேலாளர் வந்ததும் "உங்கள் பற்றரி பழையது" என்றார். அதற்கு முந்தைய வசந்தத்தில் வாங்கிய பற்றுச்சீட்டை அனுப்பினேன். உடனே கதை மாறியது: உறைபனிச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். உறைய விடமாட்டோம் என்று சொல்லித்தானே காசு வாங்கினீர்கள்! கடைசியாக, அடுத்த பனிக்காலக் கட்டணத்தில் பத்து வீதம் கழிவு தருகிறார்களாம். 860 டொலருக்கு இதுதான் பதில். வயிறு பற்றி எரிகிறது.

பற்றரியை எப்படிச் சேமிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பற்றரியை நீங்களே கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள், எதிர்முனை (−) வயரை முதலில் எடுங்கள். 12 வோல்ற் பற்றரி முழு சார்ஜ் ஏறி ஓய்ந்தபின் 12.6க்குக் குறையக் கூடாது, 12.4க்கு இறங்கினால் மறுபடி ஏற்றுங்கள். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதுவும் விடாதீர்கள். உறைந்த பற்றரியில் சார்ஜர் மாட்டவே வேண்டாம். லிதியம் பற்றரி என்றால் பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள். வேறு இடத்தில் விட்டே ஆக வேண்டுமென்றால், கழற்றி வைத்த பற்றரியின் படத்தை அன்றே கேட்டு வாங்குங்கள்.

சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பற்றரியை இழந்து வழக்குப் போட்டவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், என்னென்ன ஆவணம் கேட்பார்கள் என்று தெரிய வேண்டும்.