வாக்கரா, தள்ளுவண்டியா, வெறுந்தரையா: குழந்தையின் முன்பல்லுக்கு எது நல்லது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் தவழும் குழந்தை இருக்கும் பல வீடுகளில் ஒரு வாக்கரும் (பிள்ளையை நடுவில் உட்கார வைக்கும் சக்கர வண்டி) இருக்கும். பத்திரமான சாமான் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். முன்பல் அடிபடும் கணக்கில் பார்த்தால், மூன்றிலும் மோசமானது அதுதான்.

வாக்கரில் உட்கார்ந்த பிள்ளை ஒரே நொடியில் ஒரு மீட்டர் போய்விடும். பக்கத்தில் நிற்கும் பாட்டி கை நீட்டுவதற்குள் சக்கரம் வாசலைத் தாண்டிவிடும். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூடத்திலிருந்து அஞ்சடிக்கு, அதாவது வாசலோர நடைபாதைக்கு, இறங்க ஒரு சிமெண்டுப் படி, அதற்கப்பால் லோங்காங் எனும் சாக்கடை. முன்சக்கரம் படியில் இறங்கியதும் வண்டி குடைசாய்கிறது. இடுப்பு இருக்கையில் மாட்டிக்கொள்வதால் முகம்தான் முதலில் சிமெண்டில் மோதும். கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. அதில் உட்கார்ந்தால் சீக்கிரம் நடை வரும் என்பதும் உண்மையில்லை.

பிள்ளை பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்கும் தள்ளுவண்டி பரவாயில்லை, பிள்ளை சொந்தக் காலில் நிற்கிறது. ஆனால் லேசான வண்டி டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும், பிள்ளை குப்புற விழும். உள்ளே இரண்டு கிலோ அரிசிப் பொட்டலம் வையுங்கள். கைப்பிடி நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். வாய்க்கு நேராக இருந்தால் இடறும்போது பல் அதிலேயே இடிக்கும்.

எங்கள் தேர்வு வெறுந்தரைதான். காலுறை வேண்டாம், ஈரத்தை உடனே துடையுங்கள், மேசை முனைக்குத் துணி கட்டுங்கள். பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்துக்கொண்டு நடக்க விடாதீர்கள். விழுந்தால் அது அண்ணத்தில் குத்தும்.

நடை பழகியபின், இரண்டு மூன்று வயதில்தான் அடி அதிகம். அந்த வயதில் தாடை எலும்பு மென்மையானது. அதனால் பால்பல் உடைவதைவிட ஆடுவதும் உள்ளே அமுங்குவதும்தான் அதிகம். அமுங்கினால் மேலே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல் கெடலாம்.

விரல் சூப்புவதா, ரப்பர் சூப்பானா? இரண்டுமே மேல்பல்லை முன்னே தள்ளும். உதடு மூடாத தூக்குப்பல்தான் விழும்போது முதல் அடியை வாங்கும். ஆனாலும் சூப்பானைப் பிடுங்கி ஒளித்து வைக்கலாம், விரலை என்ன செய்வது? மூன்று வயதுக்குள் எதுவானாலும் நிறுத்திவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் நிற்க வைப்பதை இவற்றோடு ஒப்பிடவே கூடாது. திடீர் பிரேக்கில் வாய் நேராக ஹேண்டிலில் மோதும்.

விழுந்த பால்பல்லைத் திரும்பப் பொருத்தாதீர்கள். அடியில் உள்ள நிலைப்பல் பாழாகும். ஆறேழு வயதுக்குமேல் விழுந்தது நிலைப்பல் என்றால் நேர் எதிர்: வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, பாலில் அலசி, உடனே குழியில் வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லிப் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். முடியாவிட்டால் பாலிலேயே போட்டு எடுத்துப் போங்கள். காய்ந்தபடி ஒரு மணி நேரம் கிடந்தால் வேரைச் சுற்றிய செல்கள் செத்துவிடும். தேத்தண்ணிக்கு ஊற்றும் டின் பால் உதவாது. பெட்டியில் வரும் சர்க்கரையில்லாத பால் வேண்டும்.